புரத மடிப்பு: விடை தெரிந்துவிட்டது, வழி தெரிந்ததா?

2024-இல் வேதியியல் நோபல் பரிசு புரத ஆராய்ச்சிக்குப் போனதிலிருந்து, "புரத மடிப்புச் சிக்கல் தீர்ந்துவிட்டதாமே?" என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு புரதச் சங்கிலி எந்த வடிவத்தில் மடியும், எப்படி மடியும் என்பதுதான் அந்தச் சிக்கல். தீர்ந்தது பாதிதான். எந்தப் பாதி தீர்ந்தது, எந்தப் பாதி அப்படியே கிடக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். பள்ளியில் படித்த உயிரியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும், இல்லாவிட்டாலும் முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டு மேலே போகலாம்.

புரதம் ஒரு சத்துதானே, அது எதற்கு மடிய வேண்டும்?

உடம்புக்குள் அது சத்து மட்டும் இல்லை, கருவி. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின், கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள், வேதிவினைகளை நடத்தும் நொதிகள் எல்லாமே புரதங்கள்தான். செல் இவற்றைச் செய்யும்போது நீளமான ஒரு சங்கிலியாகத்தான் செய்கிறது. 20 வகை அமினோ அமிலங்களை, மரபணுவில் எழுதியிருக்கும் வரிசைப்படி, ரைபோசோம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வெளியே தள்ளுகிறது. இன்சுலினில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள், தசையில் இருக்கும் டைட்டினில் ஏறத்தாழ 34,000. கோத்தது அப்படியே நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலான புரதங்களால் எந்த வேலையும் செய்ய முடியாது. சங்கிலி தன்மேல் தானே சுருண்டு மடங்கி, அதற்கே உரிய முப்பரிமாண வடிவத்துக்கு வந்த பிறகுதான் அதில் குழிகளும் பள்ளங்களும் உருவாகின்றன, அந்தக் குழிகளில்தான் மற்ற மூலக்கூறுகள் வந்து பொருந்துகின்றன.

எது அதை மடிய வைக்கிறது?

பெரும்பாலும் தண்ணீர். அமினோ அமிலங்களில் சில தண்ணீரோடு ஒட்டும், சில எண்ணெய் மாதிரி தண்ணீரிலிருந்து விலகும். விலகுபவை எல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொள்ள, ஒட்டுபவை வெளியே நிற்க, சங்கிலி பந்தாகச் சுருங்குகிறது. இதோடு ஹைட்ரஜன் பிணைப்புகளும் மின்சுமைகளும் சேர்ந்துகொள்கின்றன. உள்ளே கிடைக்கும் குறைந்த இடத்தில் சங்கிலி ஒழுங்காக அடங்குவதற்கு இரண்டு வழிகள் திரும்பத் திரும்ப வருகின்றன: ஆல்ஃபா சுருள், பீட்டா தாள். இரண்டையும் 1951-இல் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் கணக்குப் போட்டே சொல்லிவிட்டார்கள், அப்போது ஒரு புரதத்தின் முழு வடிவத்தைக்கூட யாரும் பார்த்திருக்கவில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும், அவரோடு ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் ஒரே வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். புதிதாகக் கண்டுபிடிக்கும் எந்தப் புரத வடிவத்தையும் இன்றைக்கும் அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மடிந்த புரதம் ஒன்றும் இரும்புக் கட்டி இல்லை. மடிந்த நிலைக்கும் பிரிந்த நிலைக்கும் இடையிலான ஆற்றல் வித்தியாசம், பொதுவாக ஒரு சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் அளவுதான். அதனால்தான் கொஞ்சம் சூடோ அமிலமோ பட்டால் பல புரதங்கள் குலைந்துபோகின்றன.

அமினோ அமில வரிசை மட்டுமே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது எப்படித் தெரியும்?

கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் செய்த சோதனையிலிருந்து. என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே அழகான சோதனை இதுதான். ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை எடுத்துக்கொண்டார். அதில் 124 அமினோ அமிலங்கள், அவற்றில் எட்டு சிஸ்டீன்கள். அந்த எட்டும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு கந்தகப் பிணைப்புகளைப் போட்டு வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. யூரியாவையும், அந்தப் பிணைப்புகளை அறுக்கும் இன்னொரு வேதிப்பொருளையும் சேர்த்ததும் நொதி முழுசாகப் பிரிந்து வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இரண்டையும் நீக்கியதும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே பழையபடி மடிந்து வேலை செய்ய ஆரம்பித்தது.

எட்டு சிஸ்டீன்களை நான்கு ஜோடிகளாகச் சேர்க்க 105 வழிகள் உண்டு. அதில் ஒன்றுதான் சரி. யூரியா இருக்கும்போதே, அதாவது சங்கிலி மடிய முடியாமல் இருக்கும்போதே, பிணைப்புகளைப் போட விட்டால் ஜோடிகள் கன்னாபின்னாவென்று சேர்ந்து நொதி ஏறத்தாழ ஒரு சதவீத வேலைதான் செய்தது. அப்புறம் யூரியாவை நீக்கிவிட்டு, தவறான பிணைப்புகள் அவிழ்ந்து மறுபடி சேர வாய்ப்பு கொடுத்ததும் மெதுவாகச் சரியான ஜோடிகளுக்கே வந்து சேர்ந்தது. அதாவது சரியான வடிவம்தான் அந்தச் சங்கிலிக்கு மிக வசதியான நிலை, அதை நோக்கி அது தானாகவே போகிறது. இதற்கு 1972-இல் நோபல்.

லெவிந்தால் புதிர் என்கிறார்களே, அது என்ன?

1969-இல் சைரஸ் லெவிந்தால் கேட்ட எளிமையான கேள்வி. 100 அமினோ அமிலங்கள் உள்ள ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் மூன்றே மூன்று நிலைகளில்தான் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வடிவங்கள் மூன்றை நூறு முறை பெருக்கினால் வருவது, அதாவது 5-க்குப் பின்னால் 47 சுழியங்கள். நொடிக்குப் பத்து லட்சம் கோடி வடிவங்களைச் சோதித்துப் பார்த்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஆனால் நிஜப் புரதங்கள் மைக்ரோநொடிகளிலிருந்து சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்களுக்குள் மடிந்துவிடுகின்றன.

அப்படியானால் புரதம் எல்லா வடிவங்களையும் தேடிப் பார்ப்பதில்லை என்று அர்த்தம், லெவிந்தால் சொல்ல வந்ததும் அதுதான். இப்போது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம் புனல் படம். மேலே அகலமாக ஏராளமான குலைந்த வடிவங்கள், கீழே போகப்போக ஆற்றலும் குறையும், தேர்வுகளும் குறையும். எங்கிருந்து உருண்டாலும் அடிக்கு வந்து சேரும். ஒரு சின்னச் சுருள் உருவானால் அது அடுத்த துண்டுக்கு இடம் காட்டும், இப்படிச் சின்னச் சின்ன லாபங்களைப் பிடித்துக்கொண்டே சங்கிலி இறங்குகிறது. படம் சரிதான், ஆனால் ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் கையில் கொடுத்து "இது எந்த வழியாக இறங்குகிறது, எது முதலில், எது அப்புறம்?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

கணினி வருவதற்கு முன்னால் வடிவத்தை எப்படிப் பார்த்தார்கள்?

கஷ்டப்பட்டு. புரதத்தைப் படிகமாக்கி, அதன்மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, சிதறும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிடுவார்கள். ஜான் கென்ட்ரூ 1958-இல் தசைப் புரதமான மயோகுளோபினின் வடிவத்தை முதன்முதலாகக் காட்டினார், மாக்ஸ் பெருட்ஸ் ஹீமோகுளோபினைக் காட்டினார், 1962-இல் இருவருக்கும் நோபல். படிகம் ஆக்குவதுதான் பெரிய பாடு: சில புரதங்கள் வருஷக்கணக்கில் முயன்றாலும் படியாது, ஒரே புரதத்தில் முனைவர் பட்டக் காலம் முழுவதையும் தொலைத்தவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். 1971-இல் புரதத் தரவு வங்கி தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழு கட்டமைப்புகள். இப்போது இரண்டு லட்சத்துக்கும் மேல்.

அப்புறம் வந்தது கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி. படிகமே தேவையில்லை. புரதக் கரைசலை நொடியில் உறைய வைத்து, பனிக்கட்டிப் படிகம் உருவாகக்கூட நேரம் கொடுக்காமல், ஆயிரக்கணக்கான தனித்தனி மூலக்கூறுகளைப் படம் எடுத்து, கணினியில் சேர்த்து முப்பரிமாணமாக்குவது. இதற்கு 2017-இல் துபோஷே, ஃபிராங்க், ஹென்டர்சன் மூவருக்கும் நோபல். 2020-இல் தனித்தனி அணுக்களே பிரிந்து தெரியும் அளவுக்கு இதன் துல்லியம் வந்துவிட்டது.

சரி, ஆல்ஃபாஃபோல்ட் அப்படி என்ன செய்தது?

காஸ்ப் என்று ஒரு போட்டி 1994-இலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. சோதனைக்கூடத்தில் வடிவம் கண்டுபிடித்து இன்னும் வெளியிடாத புரதங்களின் வரிசையை மட்டும் கொடுப்பார்கள், போட்டியாளர்கள் வடிவத்தைக் கணிக்க வேண்டும், பிறகு உண்மையான விடையோடு ஒப்பிடுவார்கள். முன்கூட்டியே விடையைப் பார்க்க வழியே இல்லாததால் ஏமாற்ற முடியாத தேர்வு அது. பல ஆண்டுகள் முன்னேற்றம் நத்தை வேகம். 2018-இல் கூகுள் குழுமத்தின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் தன் ஆல்ஃபாஃபோல்ட் நிரலோடு முதலிடம் பிடித்தது, 2020-இல் ஆல்ஃபாஃபோல்ட் 2 நூற்றுக்கு 92.4 என்ற இடைநிலை மதிப்பெண் எடுத்தது. 90 தாண்டினாலே சோதனைக்கூட முடிவுக்கு ஈடு என்று கருதுவார்கள்.

உள்ளே நடப்பதன் சாரம் இது. ஒரே புரதம் பல உயிரினங்களில் சின்னச் சின்ன மாற்றங்களோடு இருக்கும். அந்த வரிசைகளை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், 30-ஆவது இடம் மாறும்போதெல்லாம் 85-ஆவது இடமும் சேர்ந்து மாறுவது தெரியவரலாம். அப்படியானால் சங்கிலியில் தூரத்தில் இருந்தாலும் மடிந்த வடிவத்தில் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும், ஒன்று பருத்தால் மற்றது இளைக்க வேண்டியிருக்கிறது. இந்த யோசனை ஆல்ஃபாஃபோல்டுக்கு முன்பே இருந்தது. அதை நரம்பு வலையமைப்புக்குள் கொண்டுபோய், தரவு வங்கியில் இருந்த கட்டமைப்புகளை எல்லாம் காட்டிப் பயிற்றுவித்ததில்தான் பாய்ச்சல் நடந்தது. படிகம் வளர்த்து வளர்த்து ஐம்பது ஆண்டுகளாக அந்த வங்கியை நிரப்பி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. செய்திகளில் அவர்கள் பெயர் வருவதில்லை என்பது என் ஆதங்கம்.

2021 ஜூலையில் கட்டுரையும் நிரலும் வெளிவந்தன, கூடவே மனிதப் புரதங்கள் ஏறத்தாழ அனைத்துக்குமான கணிப்புகளும். அடுத்த ஆண்டு எண்ணிக்கை 20 கோடியைத் தாண்டியது. 2024 நோபலில் பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும். மீதிப் பாதி டேவிட் பேக்கருக்கு, அவர் விஷயம் கீழே வருகிறது.

அப்படியென்றால் புரத மடிப்பு தீர்ந்ததுதானே?

இல்லை. இங்கேதான் பேச்சு குழம்புகிறது. "இந்தச் சங்கிலி கடைசியில் எந்த வடிவத்தில் நிற்கும்?" என்பது ஒரு கேள்வி. "அந்த வடிவத்துக்கு எப்படிப் போகிறது?" என்பது வேறு கேள்வி. ஆல்ஃபாஃபோல்ட் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதை அது கேட்டுக்கொள்ளவே இல்லை. கணித நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து விடையை எழுதும் மாணவனைப் போலத்தான்: விடை சரி, இடையில் இருக்கும் படிகள் காலி.

படிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு வழியில் போகிறார்கள். அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணினியில் வைத்து நொடியின் மிகச் சிறிய துண்டு துண்டாக நகர்த்திப் பார்ப்பது. இதற்கென்றே டி.இ. ஷா ஆய்வகம் ஆன்டன் என்ற சிறப்புக் கணினியைக் கட்டி, 2010-இல் ஒரு சின்னப் புரதத்தை ஒரு மில்லிநொடி அளவுக்கு ஓட்டிக் காட்டியது, அடுத்த ஆண்டு வேகமாக மடியும் 12 புரதங்கள் மடிவதையும் பிரிவதையும் காட்டியது. அசத்தலான வேலை, ஆனால் எல்லாம் பொடிப் புரதங்கள். நிஜ அளவுள்ள புரதம், நிஜமான செல்லுக்குள் மடிவது இன்னும் எட்டாத தூரம்தான்.

கணித்த வடிவத்தை எவ்வளவு நம்பலாம்?

படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நிறத்தைப் பாருங்கள். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஆல்ஃபாஃபோல்ட் தன் நம்பிக்கையை 0 முதல் 100 வரை ஒரு எண்ணாகத் தருகிறது. 90-க்கு மேல் கருநீலம், 70-க்கு மேல் வெளிர்நீலம், 50 முதல் 70 வரை மஞ்சள், அதற்குக் கீழே ஆரஞ்சு. ஆரஞ்சு நிறத்தில் நூல் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும் பகுதியை வடிவம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது, "இங்கே எனக்குத் தெரியவில்லை" என்று நிரல் சொல்லும் விதம் அது. 2021-இல் மனிதப் புரதங்களுக்கான கணிப்பில் மொத்த அமினோ அமிலங்களில் 58 சதவீதம்தான் 70-ஐத் தாண்டின, 90-ஐத் தாண்டியவை 36 சதவீதம்.

இரண்டு துண்டுகள் தனித்தனியே கருநீலமாக இருந்தாலும், ஒன்றுக்கு மற்றது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது தப்பாக இருக்கலாம். அதற்குத் தனியாக ஒரு பிழைக் கட்டம் கொடுக்கிறார்கள், அதைப் பார்க்காமல் படத்தை மட்டும் எடுத்துக் கட்டுரையில் ஒட்டுகிறவர்கள் அதிகம். அப்புறம் ஒற்றை அமினோ அமிலம் மாறினால் புரதம் குலையுமா என்று இதைக் கேட்காதீர்கள். குலையக்கூடிய மாற்றத்தைப் போட்டாலும் அதே வடிவத்தை அமைதியாகத் திருப்பித் தரும். இரண்டு வடிவங்களுக்கு இடையே மாறிக்கொண்டே இருக்கும் புரதங்களும் உண்டு, அவற்றிலும் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே காட்டும்.

வடிவமே இல்லாத புரதங்கள் உண்டா?

நிறைய. தனியாக இருக்கும்போது எந்த நிலையான வடிவத்துக்கும் வராமல், நெளிந்துகொண்டே இருந்து, வேலை வரும்போது மட்டும் எதையாவது பற்றிக்கொண்டு உருவம் எடுக்கும் பகுதிகள். புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் இரு முனைகளும் இப்படித்தான். பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா சைநியூக்ளின், 140 அமினோ அமிலங்கள், கரைசலில் முழுக்க முழுக்க இப்படி. "வடிவம்தான் வேலை" என்று முதல் பதிலில் "பெரும்பாலான" என்ற சொல்லோடு எழுதியதற்குக் காரணம் இதுதான்.

சோதனைக்குழாயில் மடிவதும் செல்லுக்குள் மடிவதும் ஒன்றா?

ஒன்றில்லை. செல்லுக்குள் நெரிசல் தாங்காது, மற்ற மூலக்கூறுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில், தண்ணீரை விலக்கும் பகுதிகளை வெளியே காட்டிக்கொண்டு ஒரு பாதி மடிந்த சங்கிலி வந்தால் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் சாப்பரோன் என்ற துணைப் புரதங்கள். பாக்டீரியாவில் உள்ள குரோஇஎல், ஏழேழு துண்டுகள் கொண்ட இரண்டு வளையங்கள் முதுகோடு முதுகு ஒட்டிய பீப்பாய். குலைந்த சங்கிலி உள்ளே போனதும் குரோஇஎஸ் மூடியாக வந்து உட்காரும், உள்ளே தனியாகச் சில நொடிகள் மடிய வாய்ப்பு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவானதும் மூடி திறந்து வெளியே தள்ளும். சரியாக மடியவில்லையா, மறுபடி உள்ளே. ஃபிரான்ஸ் உல்ரிக் ஹார்ட்லும் ஆர்தர் ஹார்விச்சும்தான் இதைத் திறந்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள்.

இன்னொன்று, சங்கிலி முழுசாக வெளிவந்த பிறகுதான் மடிய ஆரம்பிக்கிறது என்பதும் இல்லை. ரைபோசோமிலிருந்து முன்பகுதி எட்டிப் பார்க்கும்போதே மடிய ஆரம்பித்துவிடுகிறது, பின்பகுதி இன்னும் கோக்கப்படாமலே இருக்கும். கோக்கும் வேகம் மாறினால் மடியும் விதம்கூட மாறலாம். கடைசி வடிவத்தை மட்டும் பார்க்கும் கணிப்பில் இது எதுவும் இல்லை.

தவறாக மடிந்தால் என்ன ஆகும்?

இரண்டு விதமான கேடு. முதலாவது, இருக்க வேண்டிய புரதம் இல்லாமல் போவது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோயில், 1480 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தின் 508-ஆவது இடத்தில் ஒரே ஒரு ஃபீனைல்அலனின் விடுபட்டுப்போவதுதான் மிகப் பரவலான காரணம். அதனால் மடிப்பு கோணலாகி, செல்லின் தரக்கட்டுப்பாடு அதைப் பிடித்து அழித்துவிடுகிறது. இந்தப் புரிதல் மருந்தாகவே மாறியது: எலெக்சாகாஃப்டர், டெசாகாஃப்டர் இரண்டும் மடிப்புக்கு முட்டுக்கொடுக்கின்றன, ஐவாகாஃப்டர் செல் சவ்வுக்கு வந்துசேர்ந்த புரதத்தின் வழியைத் திறந்து வைக்கிறது. மூன்றும் சேர்ந்த மருந்துக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இரண்டாவது, தவறாக மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகி இழைகளாவது. அல்சைமரில் டௌ என்ற புரதம், பார்க்கின்சனில் ஆல்ஃபா சைநியூக்ளின். 2017-இல் கேம்பிரிட்ஜில் மிஷல் கோடெர்ட், ஷோர்ஸ் ஷெரஸ் குழுவினர் அல்சைமர் நோயாளியின் மூளையிலிருந்து எடுத்த டௌ இழையின் வடிவத்தை கிரையோ நுண்ணோக்கியில் கண்டார்கள். அப்புறம் வேறு சில மறதி நோய்களிலும் பார்த்தால், புரதம் அதே டௌ, ஆனால் பல நோய்களில் மடிப்பு வெவ்வேறு. ஆன்ஃபின்சன் காட்டிய "ஒரு வரிசை, ஒரு வடிவம்" இங்கே செல்லாது. இந்த விலகலைத்தான் கடந்த பத்து ஆண்டுகளின் மிகப் பெரிய செய்தி என்பேன், ஆல்ஃபாஃபோல்டின் இரைச்சலில் இது பலர் காதில் விழவே இல்லை.

இல்லாத புரதத்தைப் புதிதாகச் செய்ய முடியுமா?

முடிகிறது. டேவிட் பேக்கரின் ஆய்வகம் 2003-இல் டாப்7 என்ற, இயற்கையில் இல்லாத மடிப்பைக் கொண்ட 93 அமினோ அமிலப் புரதத்தைக் கணினியில் வரைந்து, செய்தும் பார்த்தது. வரைந்த மாதிரியே மடிந்தது. இப்போது வேலை இன்னும் வேகம். மங்கலான இரைச்சலிலிருந்து படத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு முறையையே எடுத்து, ஆர்எஃப்டிஃப்யூஷன் என்று 2023-இல் புரத முதுகெலும்பை வரையும் கருவியாக்கினார்கள். வேறொரு நிரல் அதற்குப் பொருந்தும் வரிசையை எழுதித் தரும். வடிவமைக்கப்பட்ட புரதத் துகள்மேல் கட்டிய கோவிட் தடுப்பூசி ஒன்றுக்கு 2022-இல் தென் கொரியா அனுமதி கொடுத்தது. செய்தவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யாமல் போவதும் உண்டு, அதைச் சோதனைக்கூடம்தான் சொல்லும்.

ஆல்ஃபாஃபோல்ட் 3 வந்ததில் என்ன மாறியது?

2024 மே மாதம் வந்தது. புரதம் தனியாக அல்ல, டிஎன்ஏ, ஆர்என்ஏ, சின்ன மருந்து மூலக்கூறு, உலோக அயனி இவற்றோடு சேர்ந்து எப்படி நிற்கும் என்பதையும் கணிக்கிறது. முதலில் நிரலை வெளியிடாததால் ஆராய்ச்சியாளர்கள் சண்டை பிடித்தார்கள், நியாயமான சண்டைதான், அந்த ஆண்டு நவம்பரில் கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். படிகள் காலியாக இருக்கும் விஷயத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை.

இனி மருந்துகள் மளமளவென்று வந்துவிடுமா?

வராது. வடிவம் தெரிவது முதல் படி. மருந்து அங்கே ஒட்ட வேண்டும், வேறெங்கும் ஒட்டக்கூடாது, உடம்பில் போதிய நேரம் தங்க வேண்டும், மனிதர்களிடம் சோதித்துத் தேற வேண்டும். பல ஆண்டுகள் எடுப்பது இந்தக் கடைசிப் பகுதிதான், அதை எந்தக் கணிப்பும் சுருக்கிவிடவில்லை.

நானே பார்க்க முடியுமா?

ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளம் இணையத்தில் இலவசம், பதிவுகூடத் தேவையில்லை. புரதத்தின் பெயரைத் தேடினால் சுழற்றிப் பார்க்கும்படி வடிவம் வரும். முதலில் மயோகுளோபினைத் தேடுங்கள், கருநீலச் சுருள்கள் அடுக்கடுக்காக வரும். ஆனால் நடுவில் இருக்க வேண்டிய, ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீம் மூலக்கூறு இருக்காது, இந்தக் கணிப்பு புரதச் சங்கிலியை மட்டுமே வரையும். அப்புறம் ஆல்ஃபா சைநியூக்ளினைத் தேடுங்கள். கரைசலில் வெறும் நெளியும் நூலாக இருக்கும் அதில் நீளமான ஒரு சுருள் வரையப்பட்டிருக்கும். செல் சவ்வில் ஒட்டும்போது அது எடுக்கும் உருவத்தைப் போன்றது அது. அதை மட்டும் பார்த்துவிட்டு "இதன் வடிவம் இதுதான்" என்று முடிவுகட்டினால் மூளையில் அது செய்யும் மீதி வேலை எதுவும் கண்ணில் படாது.